சில்லுக்குள் ஒரு முனகல்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பெருவீதியில், வண்டி மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தை எட்டும்போதெல்லாம் இடப்பக்கத்து முன்சில்லிலிருந்து ஒரு முனகல் எழத் தொடங்கியிருந்தது. முதலில் அதனை வீதியின் குற்றம் என்று கொண்டோம். பின்னர் டயரின் குற்றம் என்றோம். பின்னாசனத்தில் அமர்ந்திருந்த எமது தாயாரே உண்மையை முதலில் உரைத்தவர். "மகன், வண்டிக்குள்ள ஆரோ திரிகை சுத்துற மாதிரிக் கேக்குது" என்றார். மாதந்தோறும் அவரை வைத்தியப் பரிசோதனைக்காக மட்டக்களப்புக்கு அழைத்துச் செல்லும் வண்டி அது. போக 40 கிலோமீற்றர், வர 40 கிலோமீற்றர்.

இது நிகழ்ந்தது 2022 ஆம் ஆண்டில். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து ஆண்டுகளில், இருந்த வண்டியைக் கட்டிக் காப்பதன்றி நம் நாட்டவருக்கு வேறு வழி இருக்கவில்லை. எம்முடையதோ 1980களின் முற்பகுதியைச் சேர்ந்த டொயோட்டா கொரோலா. நம் ஊர்களில் டீ.எக்ஸ். வாகன் என்றால் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். எமக்குப் பழக்கமான கராஜில் முறை காத்து நின்ற வண்டிகள் பல. ஆகவே, நாமே பூட்டுவோம் என்று முடிவு செய்தோம். விசையையும் உராய்வையும் பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி அழிப்பவருக்கு ஒரு பெயாரிங் பூட்டத் தெரியாதா என்னும் செருக்கும் அம்முடிவில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பெயாரிங் என்பதனை நம் பாடநூல்கள் தாங்கி என்றும் போதிகை என்றும் சொல்லும். கோயில் தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கி நிற்கும் உறுப்புக்கும் போதிகை என்றே பெயர். பாரத்தைத் தாங்குவது என்ற அளவில் பெயர் பொருந்துகின்றது. ஆயினும் கோயில் போதிகை நூற்றாண்டுக் கணக்காக அசையாது நிற்கும், சில்லின் போதிகையோ நிற்காது சுழலும். கடைத்தெருவில் போதிகை என்று கேட்டு எவரும் எதுவும் வாங்கியதில்லை யாதலால், இக்கட்டுரையில் பெயாரிங் என்றே எழுதுவோம்.

முனகல் பெயாரிங்கினுடையதுதானா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். எஞ்சினின் வேகத்தோடு ஒலி மாறினால் அது வேறு. எஞ்சின் தணிந்திருக்க, வண்டியின் ஓட்டத்தோடு மட்டும் ஒலி ஏறி இறங்கினால் சில்லைச் சந்தேகிக்கலாம். வண்டியை வலப்பக்கம் திருப்பும்போது பாரம் இடப்பக்கத்துச் சில்லின்மேல் சாய்கின்றது. அவ்வேளை முனகல் உரத்தால் குற்றம் பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே இருக்கும். பின்பு சில்லை உயர்த்தி, மேலும் கீழுமாக இரு கைகளாற் பிடித்து அசைத்துப் பார்த்தல் வேண்டும். அசைவு தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுக. அசைவு மறைந்தால் பெயாரிங்கின் தளர்வு. மறையாது நின்றால், குற்றம் சில்லுக்கு அப்பால் வண்டியைத் தாங்கும் மூட்டுகளில் உள்ளது.

உயர்த்துதல் என்று எளிதாக எழுதிவிட்டோம். கடற்கரையூரில் அதுவே உயிரோடு விளையாடும் பகுதி. எம் முற்றம் முழுவதும் மணல். ஜாக்கியை மணலில் வைத்தால் அது வண்டியை உயர்த்துவதற்குப் பதிலாகத் தானே புதையும்; ஒரு பக்கமாகச் சாய்ந்தும் விடும். தடித்த பலகையொன்று கீழே இருத்தல் வேண்டும். நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ் உடலின் எப்பகுதியையும் நீட்டலாகாது. சிலர் சீமெந்துக் கற்களை அடுக்கி அதன்மேல் வண்டியை இறக்குவதைக் கண்டிருக்கின்றோம். சுவரில் பல ஆண்டுகள் பாரம் தாங்கும் அக்கல், ஓரிடத்தில் குவியும் பாரத்தின்கீழ் முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும். இரும்புத் தாங்கு கால் இரண்டு வாங்குவதே முறை. அத்துடன் கழற்றிய சில்லையும் வண்டியின் ஓரத்தின்கீழ்ப் படுக்க வைத்துவிட்டால், எது தவறினாலும் ஓர் இடைவெளி மிஞ்சும்.

எம் வண்டியின் முன்சில்லில் உள்ளவை இரண்டு கூம்புருளைப் பெயாரிங்குகள். ஒவ்வொன்றும் இரு பாகம். உருளைகள் சூழ்ந்த உட்பகுதியைக் கூம்பு என்றும், அவ்வுருளைகள் ஓடும் வெளிவளையத்தைக் கிண்ணம் என்றும் சொல்வர். கிண்ணம் ஹப்புக்குள் இறுக்கமாக ஏறியிருக்கும். கூம்பு அச்சின்மேல் கையால் நழுவும் அளவுக்கு இருக்கும். உருளை சரிவாக இருப்பதனால், வண்டியின் நிறையையும் வளைவுகளில் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் இது ஒருங்கே தாங்குகின்றது. அமெரிக்காவில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன் என்பவர் 1898 இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வண்டிக்காரரின் தொல்லையை வண்டி செய்பவரே தீர்த்தார் என்க. இச்சிறு பொருளின் பெறுமதியை அறிய விரும்பும் மாணவர்கள் இரண்டாம் உலகப் போர் வரலாற்றைப் புரட்டலாம். ஜெர்மனியின் ஷ்வைன்பூர்ட் நகர்மீது 1943 ஆகஸ்ட் 17 இலும் அக்டோபர் 14 இலும் அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்ததன் காரணம், அந்நகரில் பெயாரிங் தொழிற்சாலைகள் இருந்தமையே.

இப்படிப்பட்ட பொருள் எம் வண்டியில் ஏன் கெட்டது? முந்திய மாரியில் கிட்டங்கித் தாம்போதியின்மேல் வெள்ளம் பாய்ந்துகொண்டிருக்கையில் நாம் வண்டியைச் செலுத்தி வந்தோம். ஓடி வந்த சில்லின் ஹப் சூடாக இருக்கும். அது திடீரெனக் குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, ஒயில் சீலின் விளிம்பு வழியாக நீரை உள்ளே உறிஞ்சுகின்றது. நீர் புகுந்த கிறீஸ் பால்போல் வெளிறிப்போகும். அதன்பின் துரு, துருவின்பின் முனகல். வெள்ளத்தில் இறங்கிய வண்டியின் ஹப்பைத் திறந்து பார்ப்பது எவ்வளவு எளிது என்பது எமக்குக் காலங்கடந்தே விளங்கிற்று.

பழையதைக் கழற்றும் வேலையில் சொல்வதற்கு அதிகமில்லை. கிறீஸ் மூடி, பிளவாணி, நட், வோஷர் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஒரு தாளின்மேல் வைத்தோம். பிரேக் உறுப்பை அதன் குழாயில் தொங்கவிடாது கம்பியாற் கட்டித் தூக்கினோம். ஹப்பை வெளியே இழுத்து, மண்ணெண்ணெயிற் கழுவினோம். ஹப்புக்குள் கிண்ணத்தின் பின்புறம் இரண்டு வெட்டுகள் உண்டு. அவ்வழியே கம்பியை விட்டு, இப்பக்கம் ஓர் அடி, அப்பக்கம் ஓர் அடி என மாறி மாறித் தட்டினால் கிண்ணம் நேராக வெளியே வரும். ஒரே பக்கம் அடித்தால் சரிந்து இறுகிக்கொள்ளும்.

புதியதை வாங்கக் கடைக்குச் செல்வோர் பழையதைக் கையோடு கொண்டு செல்லுதல் நன்று. விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்தறிதல் அதனினும் நன்று. 6205 என்றிருந்தால் கடைசி இரண்டு எண்களை ஐந்தாற் பெருக்குக: 25. அதுவே உள்துளையின் விட்டம், மில்லிமீற்றரில். 30205 என்னும் கூம்புருளைப் பெயாரிங்குக்கும் இதே கணக்குத்தான். 04 முதல் இவ்விதி செல்லும்; 00, 01, 02, 03 ஆகியவை முறையே 10, 12, 15, 17 மில்லிமீற்றர். தம் சொந்த எண்களைப் பொறிக்கும் கம்பெனிகளும் உண்டு; அவற்றுக்குப் பழைய துண்டே சாட்சி. பெயர்பெற்ற கம்பெனிகளின் பெட்டியைப் போன்றே அச்சிட்ட போலிகள் உலகெங்கும் உலாவுகின்றன. விலை மிகக் குறைந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம்.

இனி எம் தவற்றைச் சொல்ல வேண்டும். அரிதிற் கிடைத்த புதுக் கிண்ணத்தை ஹப்பின் வாயில் வைத்துத் தட்டினோம். பாதி இறங்கி நின்றுவிட்டது. ஆழத்தில் இருக்கும் கிண்ணத்தின் மெல்லிய விளிம்பில் அடிப்பதற்குத் தக்க கருவி கையில் இல்லை. அப்போது ஓர் உபாயம் தோன்றிற்று. கூம்பைக் கிண்ணத்துக்குள் வைத்து, கூம்பின் தலையில் ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி, அதன்மேல் சுத்தியலால் அடித்தோம். அழகாக இறங்கிற்று! பெருமிதத்தோடு கிறீஸ் பூசி மூடினோம். ஏறக்குறைய 600 கிலோமீற்றர் ஓடியபின் முனகல் திரும்ப வந்தது, முன்னையிலும் உரக்க.

அயலில் வசிக்கும் காக்கா ஒருவர் பஸ் டிப்போவில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்து வந்தவர் எம் முற்றத்தில் விரித்துக் கிடந்த பாகங்களைக் கண்டு நின்றார். புதுக் கிண்ணத்தைத் துடைத்து எம் கையிற் கொடுத்து, "நகத்தால உள்ளுக்க சுரண்டிப் பாருங்க சேர்" என்றார். நகம் வழவழவென்று ஓடாது, சம இடைவெளியில் டக், டக் என்று தட்டிற்று. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் பள்ளங்கள். ஒவ்வோர் உருளைக்கும் ஒன்று. "நீங்க அடிச்ச அடி எங்கால போயிருக்கு எண்டு பாத்தீங்களா? உருளைக்குள்ளால போயிருக்கு. இனி எத்தின றாத்தல் கிறீஸ் அப்பினாலும் இது சரிவராது."

பௌதிகம் படித்த எமக்கு அது சுட்டது. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் பிரினல் என்பார் 1900 இல் உலோகங்களின் கடினத்தை அளக்க ஒரு முறை கண்டார். கடினமான குண்டொன்றை உலோகத்தின்மேல் அழுத்தி, விழும் பள்ளத்தை அளப்பதே அம்முறை. வகுப்பில் அதனை எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றோம். எம் முற்றத்தில் சுத்தியலைக் கொண்டு செய்ததும் அதே சோதனைதான். சோதனைப் பொருள் மட்டும் எம் சொந்தப் பெயாரிங். உருளை கிண்ணத்தைத் தொடுவது ஒரு கோட்டில். குண்டு தொடுவதோ ஒரு புள்ளியில். பரப்பு அத்தனை சிறிதாகையால், சாதாரண அடியும் அவ்விடத்தில் பேரழுத்தமாகின்றது. சுழலும்போது அதே பாரத்தை ஆண்டுக்கணக்காகத் தாங்கும் பெயாரிங், அசையாது நின்று வாங்கும் ஓர் அடியிற் பழுதாகிவிடுகின்றது.

ஆகவே விதி ஒன்றே: இறுக்கமாக ஏறும் வளையத்தின்மேல் மட்டும் விசை செல்லுதல் வேண்டும், குண்டுகளின் ஊடாகவோ உருளைகளின் ஊடாகவோ செல்லலாகாது. பெயாரிங் ஒரு கூட்டினுள் இறுக்கமாக ஏறுவதானால் வெளிவளையத்தில் தட்டுக. தண்டின்மேல் இறுக்கமாக ஏறுவதானால் உள்வளையத்தில் தட்டுக. கார், மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, நீர் இறைக்கும் பம்ப் யாவற்றுக்கும் இது பொது. கழற்றி எறியப்போகும் பழையதற்கு மட்டும் இவ்விதி வேண்டியதில்லை.

இரண்டாம் முறை காக்காவின் முன்னிலையில் வேலை தொடங்கிற்று. கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தமையால் வேலையை வீட்டுக்குள் மாற்றினோம். எம் இல்லாள் பழைய சேலையொன்றை விரிக்கத் தந்தார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. புதுக் கிண்ணத்தை ஒரு பையிற் சுற்றி முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்திருந்தோம். ஹப்பை நண்பகல் வெயிலில் தகரத்தின்மேல் காயவைத்தோம். மாணவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உருக்கு ஒரு பாகை செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள கிண்ணம் 30 பாகையிலிருந்து மறை 18 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 0.03 மில்லிமீற்றர் சுருங்கும். வெயிலில் ஹப் 60 பாகையை எட்டினால் அதன் துளை ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றர் விரியும். இரண்டும் சேர்ந்து 0.05 அளவில் வரும். தலைமயிர் ஒன்றின் தடிப்பை நெருங்கும் இந்த அளவுதான், முன்னர் எம்மைச் சுத்தியலை ஓங்கச் செய்த இறுக்கம்! கிண்ணம் பாதிக்குமேல் கையாலேயே இறங்கிற்று. ஆனால் விரைந்து செய்தல் வேண்டும். ஒன்றையொன்று தொட்ட கணமே இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரத் தொடங்கிவிடும். நம் கடற்கரைக் காற்றில் குளிர்ந்த இரும்பு உடனே வியர்க்கும் என்பதையும் மறவாது, துடைத்துச் சிறிது எண்ணெய் பூசுதல் வேண்டும்.

மிச்சத்தை இறக்குதற்குக் காக்கா கையாண்ட கருவி பழைய கிண்ணமே. அதன் வெளிப்புறத்தைச் சாணைக்கல்லில் தேய்த்துச் சற்று மெலியச் செய்து, புதியதன் தலையில் கவிழ்த்து வைத்தார். அளவு ஒன்றே, விளிம்பின்மேல் விளிம்பு பொருந்தும், தேய்த்தமையால் உள்ளே சிக்கிக்கொள்ளாது. அதன்மேல், படகு எஞ்சினிலிருந்து கழித்த பித்தளைக் கம்பியொன்றை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினார். றபான் அடிப்பவர் தோலின் ஓரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. கடின உருக்கு வளையத்தைச் சுத்தியலால் நேரே அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். பித்தளை அதனைத் தடுக்கும். அப்படியிருந்தும் எமக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்ற அனுமதி கிடைக்கவில்லை. கிண்ணம் அடியிற் சென்று அமர்ந்தபோது ஒலி மாறிற்று. அதுவரை மணிபோல் ஒலித்தது, பாறையைத் தட்டியதுபோல் கனத்தது. "இனிப் போதும், சேர்" என்றார் காக்கா.

கிறீஸ் இடுவது உள்ளங்கை வேலை. கையில் ஒரு கட்டி கிறீஸை வைத்து, கூம்பின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுத்தால், உருளைகளின் இடைவெளியூடாக மறுபுறம் கிறீஸ் புழுப்போல் வெளிவரும். சுற்றிலும் அவ்வாறு வரும்வரை செய்தல் வேண்டும். சில்லுப் பெயாரிங்குக்கென விற்கும் கிறீஸே உகந்தது. மாட்டுவண்டி அச்சுக்கு மை பூசிய காலத்துக் கைப்பழக்கத்தில் ஹப்பின் வயிறு நிறைய அடைத்துவிடலாகாது. சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்கில் வழியும். புதுச் சீலின் உதடு கிறீஸின் பக்கம் நோக்கியிருக்க, தட்டையான பலகைத் துண்டை வைத்துத் தட்டி இறக்கினோம்.

இனி நட்டை இறுக்குதல். கூம்புருளைப் பெயாரிங்கை இறுக்கிக் கட்டினால் வெந்து சாகும். தளர விட்டால் ஆடிச் சாகும். எம் வண்டிக்குரிய கைநூல், முதலில் 300 கிலோகிராம்-சென்றிமீற்றர் அளவுக்கு இறுக்குக என்கின்றது. அதை அளக்கும் ஸ்பனர் எம்மிடம் இல்லை. ஆனால் விசையின் திரும்பல் விளைவு என்பது விசையைத் தூரத்தாற் பெருக்குவதுதானே? 30 சென்றிமீற்றர் நீளமுள்ள பிடியின் நுனியில் 10 கிலோகிராம் இழுத்தால் 300 ஆயிற்று. மீன் நிறுக்கும் விற்றராசு ஒன்றை இரவல் பெற்று, அதன் கொக்கியைப் பிடியின் நுனியில் மாட்டி, பிடிக்குச் செங்குத்தாக இழுத்தோம். முள் 10 இல் வந்து நின்றது. தராசில் சூரை மீனின் மணம் இருந்ததேயன்றிக் கணக்கிற் பிழை இருக்கவில்லை. இறுக்கியபின் ஹப்பை இருபுறமும் பலமுறை சுழற்றினோம். உருளைகள் தம் இடத்தில் அமர அது வேண்டும். பின்பு நட்டைக் கையால் திருப்பக்கூடிய அளவுக்குத் தளர்த்தி, மீண்டும் விரலால் மட்டும் இறுக்கி, அசைவும் இறுக்கமும் இல்லாத நிலையில் புதுப் பிளவாணியை மாட்டினோம். பழைய பிளவாணியை நிமிர்த்தி மீளப் பயன்படுத்தலாகாது. ஒரு சில்லு வண்டியை விட்டுப் போகாது தடுத்து நிற்பது அந்தக் கம்பித் துண்டே. பழைய ஆங்கிலேய வண்டிகள் சிலவற்றில் இடப்பக்கத்து நட்டின் புரி, சைக்கிளின் இடது மிதியைப் போல, எதிர்த் திசையிற் செல்லும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றோம். தெரியாது பலம் காட்டியவர்கள் அச்சையே கெடுத்ததுண்டு.

இவ்வளவும் படித்துவிட்டு, புதிய முன்சில்லு இயக்க வண்டியைக் கழற்ற எவரும் புறப்பட வேண்டாம். அவற்றிற் பலவற்றின் முன்சில்லில் ஒரே பெயாரிங் இரட்டை வரிக் குண்டுகளோடு மூடி வரும். அது பெரும் இறுக்கத்தோடு ஏறுவது. நட்டையும் தளர்வாக அன்றி, கைநூல் சொல்லும் பேரளவில் இறுக்குதல் வேண்டும். நீண்ட போல்ட், தடித்த வோஷர், குழாய்த் துண்டு ஆகியவற்றைக் கொண்டு சிறிது சிறிதாக இழுத்து ஏற்றுவோர் உண்டெனினும், அழுத்தும் இயந்திரமுள்ள பட்டறைக்குக் கொண்டு செல்வதே எம் அபிப்பிராயம். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள சில வண்டிகளில் சில்லின் வேகத்தை அறியும் காந்தப் பட்டி பெயாரிங்கின் ஒரு முகத்திலேயே இருக்கும். திருப்பிப் பூட்டினால் அது வேலை செய்யாது. பட்டறையிலும் எந்த வளையத்தின்மேல் அழுத்துகின்றார்கள் என்று அருகே நின்று பார்ப்பதில் வெட்கமில்லை.

வேலை முடிந்த மாலை அக்கரைப்பற்று வரை ஓடித் திரும்பினோம். காக்கா ஹப்பின் மூடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு. 100 கிலோமீற்றரின்பின் மீண்டும் உயர்த்தி அசைத்துப் பார்க்கும்படி சொல்லிவிட்டு, மஃரிபுக்கு நேரமாயிற்றென்று எழுந்து போனார். அடுத்த மாதம் மட்டக்களப்புக்குச் செல்லும் வழியில், களுவாஞ்சிகுடியைத் தாண்டுமுன்னரே தாயார் உறங்கிவிட்டார். முனகல் நின்றுவிட்டதனால், பின்கதவுக் கண்ணாடி கடகடவென்று ஆடுவது முதன்முறையாகச் செவியில் விழுந்தது.

நாம் பழுதாக்கிய கிண்ணத்தை எறியவில்லை. கல்லூரி ஆய்வுகூடத்து மேசையில் அது இருக்கின்றது. கடினம் பற்றிய பாடம் வரும்போது மாணவர்கள் வரிசையாக வந்து நகத்தால் தடவிப் பார்க்கின்றார்கள். சென்ற தவணையில் ஒரு மாணவி, "இத அடிச்சது ஆர், சேர்?" என்று கேட்டாள். ஒரு பட்டதாரி என்று மட்டும் சொல்லி வைத்தோம்.